வேலிக்கு வெளியே ஒரு குழாய்

கன்யாடெத்தில் போய் ரிஸ்பர் அபோண்டி வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நின்று யோசிப்பார்கள். உகென்யாக்காரி வீடு என்று கேட்டுப் பாருங்கள், நண்டு சிண்டுகூட வழி காட்டும். உகென்யாவில் பிறந்து கன்யாடெத்தில் வாக்கப்பட்டவள். தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, பிறந்த ஊர்ப் பெயர் மட்டும் இன்னும் அவளை விடவில்லை. செவ்வாய்ச் சந்தையில் ஒமேனா கருவாடு விற்கிறாள். அவள் தொண்டையைத் திறந்தால் சந்தையின் அந்தக் கோடியில் மாட்டுத் தரகர்கள் பேரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். நல்லவள்தான். ஆனால் தான் கண்டுபிடித்த எதையும் ஊருக்கே சொல்லிக்கொடுக்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஊருக்கு மழை வருகிறதோ இல்லையோ, சர்வே வரும். முதலில் வந்த எவனோ ஒருவன், நல்ல ஊர், நல்ல ஜனம், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார்கள் என்று கிசுமு டவுனில் போய்ச் சொல்லித் தொலைத்துவிட்டான். அப்புறம் விடுவார்களா? கொசுவலைக்காரர்கள் வந்தார்கள், புகையில்லாத அடுப்புக்காரர்கள் வந்தார்கள், போனில் பணம் அனுப்புகிறீர்களா என்று கேட்பதற்கே ஒரு கூட்டம் வந்தது. போகும்போது ஆளுக்கு ஒரு துணிசோப்பு கொடுப்பார்கள். சோப்பு நல்ல சோப்புதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அடுப்பில் பீன்ஸை வைத்துவிட்டு, 'மிகவும் பிடிக்கும், ஓரளவு பிடிக்கும், பிடிக்கும் என்றும் இல்லை பிடிக்காது என்றும் இல்லை' என்று மத்தியானம் பூரா கேட்டுக்கொண்டிருந்தால் பீன்ஸ் என்ன ஆகும்?

ரிஸ்பரின் பீன்ஸ் ஒருநாள் அடியோடு கரிந்தது. அன்றைக்கே அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுநாள் ஊருக்கெல்லாம் அதைப் பாடம் நடத்தினாள்.

“ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் எதுன்னு கேட்டா, மூணுன்னு சொல்லு. ரெண்டுன்னு சொன்னா ஏன் இவ்வளவு கம்மின்னு குடைவான். நாலுன்னா ஏன் இவ்வளவு ஜாஸ்தின்னு குடைவான். மூணுன்னா வாயை மூடிக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவான். ஆமாவா இல்லையான்னு கேட்டா, ஆமா. ரெண்டு படத்தைக் காட்டி எது வேணும்னா, வலது பக்கத்துப் படம்.”

“ஏன் வலது?” என்று கேட்டாள் சைப்ரோஸ். சந்தையில் ரிஸ்பருக்குப் பக்கத்துக் கடை அவளுக்கு. உயிர்த்தோழியும் அவள்தான், தினம் சண்டை போடுகிறவளும் அவள்தான்.

“இடது கையில பிள்ளையைப் பிடிச்சிருக்க. சும்மா கெடக்கறது வலது கைதானேடி? அதுக்குப் பக்கத்துல இருக்கறதைத் தொட்டுட்டு வேலையைப் பாரு.”

ஊரே பிடித்துக்கொண்டது. சர்வேக்காரர்கள் அரை மணியில் முடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். சோப்பும் வந்தது, பீன்ஸும் கரியவில்லை. ஊர்ப் பெரியவர் ஒசேவேக்கு இது எப்படிப் படிந்துபோயிற்று என்றால், வீட்டில் மனைவி எத்தனை என்று ஒரு பையன் கேட்டதற்கு மூன்று என்று சொல்லிவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரே மனைவி விசுக்கென்று எழுந்து உள்ளே போனாள். அன்று ராத்திரி அந்த வீட்டில் உகாலிக் களி கிளறவில்லை.

மில்ட்ரெட்டின் புருஷன் சாகும்வரை இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

மில்ட்ரெட் ரிஸ்பருக்கு ஓரகத்தி, புருஷனின் தம்பி மனைவி. கரும்பு லாரி கவிழ்ந்து அவன் போய்ச் சேர்ந்தான். புருஷனைப் பறிகொடுத்த துக்கம் ஒரு பக்கம் என்றால், தண்ணீர்க் கஷ்டம் இன்னொரு பக்கம். துக்கத்தில் இருக்கிறவள் அடுத்தவர் வேலிக்குள் கால் வைக்கக் கூடாது. அவளுக்கான சடங்கு முடிகிறவரை அப்படித்தான். சடங்குக்குப் புருஷன் வீட்டு ஆம்பளைகள் கூடிப் பேச வேண்டும், அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஊரில் இருக்கிற நல்ல தண்ணீர் பம்பு ஒன்றே ஒன்று. பிடியைத் திருடர்கள் இரண்டு தடவை கழற்றிக்கொண்டு போனபிறகு, பம்பும் உள்ளே வருகிற மாதிரி ஒசேவே தன் வீட்டு வேலியை இழுத்துக் கட்டினார்.

சைப்ரோஸுக்கும் அதே கதி, காரணம்தான் வேறு. அவள் மகளை ஒசேவேயின் மகனுக்குக் கொடுத்திருந்தாள். பெண் கொடுத்த வீட்டு வேலிக்குள் அம்மாக்காரி கால் வைப்பது எங்கள் வழக்கத்தில் கிடையாது, கேனைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவாள்? அவளுக்காவது மகள் தண்ணீரை எடுத்து வந்து வெளியே வைப்பாள். மில்ட்ரெட்டுக்கு யார்? ரிஸ்பர் தன் கேனோடு அவளுக்கும் ஒரு கேன் சுமந்தாள். கொஞ்ச நாளில் இடுப்பு விட்டுப்போயிற்று.

“விடுக்கா. நான் என்ன கை கால் இல்லாதவளா?” என்றாள் மில்ட்ரெட். ஓடைக்குப் போய்க் கலங்கல் தண்ணீரை மொண்டு வந்தாள். அவளுடைய சின்னப் பெண்ணுக்கு வயிற்றுப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது. பிழைத்தது. திரும்பி வந்ததும் மறுபடி அதே ஓடைத் தண்ணீர்.

அந்தச் சமயத்தில்தான் லாவெண்டர் அடோங்கோ வந்தாள். கிசுமுவில் பிறந்து வளர்ந்த பெண், படிப்பு முடித்து முதல் வேலை, தலையெல்லாம் செம்மண் தூசியோடு வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினாள். பையில் பிளாஸ்டிக் ஒட்டிய அட்டைகள். இரண்டிரண்டாக எடுத்துக் காட்டுவாள். எல்லாவற்றிலும் தண்ணீர்க் குழாய்ப் படம். ஒன்று பக்கத்தில், ஒன்று தூரத்தில். ஒன்றில் வரிசை நீளம், ஒன்றில் குட்டை. ஒன்று காலையில் மட்டும் திறக்கும், ஒன்று சாயங்காலமும் திறக்கும். ஒன்றில் தண்ணீர் விலை கம்மி, ஒன்றில் ஜாஸ்தி. ஒன்று வேலிக்குள்ளே, ஒன்று வெட்டவெளியில். இதில் எந்தக் குழாய் வேண்டும்?

வலது, வலது, வலது. வீட்டுக்கு வீடு வலது. உச்சி வெயிலுக்கு முன்னால் ஊர் முடிந்துவிட்டது.

“இப்படி ஒத்துழைக்கற ஊரை நான் பாத்ததே இல்லம்மா” என்றாள் லாவெண்டர்.

“எல்லாம் நான் பழக்கி வெச்சதுதான்” என்றாள் ரிஸ்பர். என்ன பெருமை முகத்தில்!

அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை லாவெண்டர் நேராகச் சந்தைக்கு வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. கருவாட்டுக் கூடைக்கு முன்னால் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“ஊரு முழுக்க வலது பக்கத்து அட்டைம்மா. ஒருத்தர்கூட மாத்தித் தொடல. நான் மரத்தடியில உக்காந்து நானே பொய்யா ரொப்பிட்டேன்னு ஆபீஸ்ல சொல்றாங்க.”

“அதுக்கு ஏன்டி அழற? சர்வேதானே, போனாப் போகுது.”

“இது நெஜமாவே குழாய் போடற சர்வேம்மா! எந்த ஊருல, எந்த எடத்துலன்னு இதை வெச்சுத்தான் முடிவு பண்றாங்க. உங்க ஊரைக் கணக்குலயே சேக்கல. பைப்பு பக்கத்து ஊரு கோயெராவுக்குப் போகுது.”

ரிஸ்பரின் கையில் இருந்த அளவு டப்பா அப்படியே நின்றது. “சர்வேல நெஜ சர்வேன்னு வேற ஒண்ணு இருக்கா? முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுதானே!”

“சொன்னேம்மா. மொதல்ல அதைத்தான் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல.”

பக்கத்துக் கடையிலிருந்து சைப்ரோஸ் எட்டிப் பார்த்தாள். “மூணு, ஆமா, வலதுன்னு ஊருக்கே பாடம் எடுத்தியே, இப்ப குடி உன் பாடத்தை” என்றாள்.  ரிஸ்பர் கூடையை மூடிப் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

மில்ட்ரெட் வாசலில் ஓடைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏண்டி, அந்தக் குழாய்ப் படம் காட்டினாளே, நீ எதைத் தொட்ட?”

“வலது. நீதானேக்கா சொல்லிக்குடுத்த.”

ரிஸ்பர் அந்தக் கலங்கல் தண்ணீரைப் பார்த்தாள். இந்தப் பெண்ணுக்கு முன்னால் குழாயை நீட்டியிருக்கிறார்கள், எங்கே வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள், இவள் என் பேச்சைக் கேட்டுப் பார்க்காமலே கை வைத்திருக்கிறாளே! விடுவிடுவென்று சந்தைக்குத் திரும்பி வந்து லாவெண்டரின் போனைப் பிடுங்கினாள். “உன் அதிகாரியைக் கூப்பிடு.”

அதிகாரி பெயர் முசெம்பி, மச்சாகோஸ் பக்கத்துக்காரர், எங்கள் பக்கத்து மனுஷர் இல்லை. ஹலோ என்று அவர் முடிப்பதற்குள் ரிஸ்பர் ஆரம்பித்துவிட்டாள்.

“சார், அந்தப் பொண்ணு ஒழுங்காத்தான் கேட்டுச்சு. ஒழுங்கா சொல்லாதவங்க நாங்க. சொல்லாதேன்னு கெடுத்தவ நான். திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. திட்டிட்டு இன்னொரு தடவை வந்து கேளுங்க.”

மனுஷர் சிரித்தாரோ முறைத்தாரோ, போனில் தெரியவில்லை. சனிக்கிழமை காலை நானே வருகிறேன், ஒரு வேளைதான் நேரம், ஒரே இடத்தில் எல்லாரும் கூட வேண்டும் என்றார். அப்போதும் பார்க்காமல் கை வைத்தால் பைப்பு கோயெராவுக்குத்தான் என்பதையும் பட்டென்று சொல்லிவிட்டார்.

கற்றுக்கொடுப்பது சுலபம், மறக்கவைப்பதற்குள் ரிஸ்பருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வீடு வீடாக ஏறி இறங்கினாள். “வலதுன்னு சொன்னா கையை ஒடிப்பேன்” என்றாள். அப்படியானால் இடதா என்று கேட்டார்கள். “இடதும் இல்ல! பாரு! கண்ணைத் திறந்து படத்தைப் பாரு! உன் காலு எவ்வளவு தூரம் நடக்கும், உன் பிள்ளை எப்ப எந்திரிக்கும், அதை யோசிச்சுச் சொல்லு!” என்று கத்தினாள். ஒசேவே மட்டும், “எல்லாம் சரிம்மா, மூணு எங்க வரும்?” என்று கேட்டார். பெரியவர் என்பதால் தப்பித்தார்.

சனிக்கிழமை ஒசேவே வீட்டு முற்றத்தில் கூட்டம். பெரிய முற்றம் ஊரில் அங்கேதான் உண்டு. முசெம்பி குள்ளமான, அமைதியான மனுஷர். ஓர் ஓரமாக நாற்காலி போட்டுக்கொண்டு டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார். லாவெண்டர் அட்டைகளைக் காட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, ஜனங்கள் அன்றைக்குப் பார்த்த பார்வை இருக்கிறதே! அட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள், வரிசையில் நிற்கிற பொம்மைகளை எண்ணினார்கள், ஒருத்தி அட்டையின் பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தாள். ஒவ்வொருவரும் யோசித்து யோசித்துத்தான் தொட்டார்கள்.

கடைசியில் முசெம்பி டேப்லெட்டைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

“அம்மா, மறுபடியும் அதே கதைதான். போன தடவை வலது, இந்தத் தடவை வெட்டவெளி. எல்லாரும், எல்லா அட்டையிலயும். தூரமா இருந்தாலும் வெட்டவெளி, வரிசை நீளமா இருந்தாலும் வெட்டவெளி, விலை ஜாஸ்தியா இருந்தாலும் வெட்டவெளி. புதுசா ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சிருக்கீங்க. அவ்வளவுதான்.”

ரிஸ்பருக்குச் சுர்ரென்று ஏறியது. “குறுக்கு வழியா? அன்னிக்குச் சொன்னது பாக்காம சொன்னது சார். இது எல்லாத்தையும் பாத்துட்டுச் சொன்னது!”

“இருக்கலாம்மா. ஆனா எனக்கு எப்படித் தெரியும்? பாக்காம சொன்னாலும் இங்க ஒரே மாதிரிதான் தெரியுது, பாத்துட்டுச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் தெரியுது. உங்க தலைக்குள்ள புகுந்து பாக்கவா முடியும்?”

கோபத்தில் கேட்கவில்லை அவர், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.  லாவெண்டர் நகத்தைக் கடித்தாள். பைப்பு கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

ரிஸ்பர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். “என் கடைக்கு வர்றவங்க மொதல்ல ஒமேனாவுல மண்ணு இருக்கான்னு பாப்பாங்க சார். மண்ணு இருந்தா முடிஞ்சுது, வேற எதையும் பாக்காம நடையைக் கட்டிருவாங்க. அதுக்காக அவங்களுக்கு வேற எதுவுமே கண்ணுக்குத் தெரியாதுன்னு அர்த்தமா? மண்ணு இல்லாததை எடுத்துப் போடுங்க, அப்புறம் பாருங்க, என் உசுரை எடுத்துருவாங்க.”

லாவெண்டர் சட்டென்று தலையை நிமிர்த்தினாள். “சார்! வேலியை மறைச்சுட்டுக் கேட்டா? ரெண்டு குழாயும் வெட்டவெளியிலதான்னு சொல்லிட்டு, மத்ததை மட்டும் காட்டினா? பாக்காதவங்களா இருந்தா தடுமாறுவாங்க. பாக்கறவங்களா இருந்தா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.”

முசெம்பி தலையாட்டினார். “நல்லாத்தான் இருக்கு. செஞ்சு பாரு.”

ஒசேவேயின் மனைவி காலையில் கிளறிய உகாலியைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து வந்தாள். லாவெண்டர் காகிதத்தைக் கிழித்துக் கிழித்து, அட்டைகளில் வேலி வரைந்த இடத்திலெல்லாம் ஒட்டினாள். மறுபடி முதல் அட்டையிலிருந்து ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான், முற்றம் இரண்டுபட்டது!

“இது பக்கத்துல இருக்கு, இதுதான்” என்றாள் ஒருத்தி. “பக்கத்துல இருந்து என்ன பண்ண, சாயங்காலம் மூடிடறான். கரும்பு வெட்டிட்டு வர்றவ எப்பப் போவா?” என்று அவள் நாத்தனாரே எகிறினாள். வரிசை நீளமாக இருந்தால் நல்லதுதான், நாலு சேதி தெரியும் என்றாள் ஒரு கிழவி. விலை கம்மியா இருந்தாத்தான் நான் ஒத்துக்குவேன் என்று ஒரு சிடுமூஞ்சி மூலையில் நின்று முனகினான். ஒசேவே தனக்கு மூட்டு வலி, தூரம் ஆகாது என்று அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றார். லாவெண்டரின் விரல் டேப்லெட்டில் ஓடி மாளவில்லை.

“சாயங்காலம் திறக்கறதுதான் வேணும்!” என்று முழங்கினாள் ரிஸ்பர்.

“உனக்குச் சந்தை முடிஞ்சு வர வசதி. உன் வசதிக்கு ஊரு ஆடணுமா? காலையிலதான் வேணும்!” என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“நீ வாயை மூடுடி சைப்ரோஸ்!”

“நீ மூடு! ஊரையே வலது பக்கம் சாய்ச்சவதானே நீ!”

முற்றம் முழுக்கச் சிரிப்பு. முசெம்பியும் சிரித்துவிட்டார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. “யாரது வெளிய நின்னு கத்தறது? உள்ள வரச் சொல்லுங்க.”

சிரிப்பு நின்றது.  ஒசேவேதான் முன்னால் வந்தார்.

“அவங்க என் சம்பந்தி சார். என் வீட்டுக்குள்ள எப்படி வருவாங்க? நான் வேலி போட்டுப் பம்பைக் காப்பாத்தினேன். யாராரைத் தடுத்தேன்னு எனக்குத்தான் தெரியும். தெனமும் இங்க உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருக்கேன். இந்த கதி நாளைக்கு யாருக்கும் வரலாம்னுதான் எல்லாரும் வெட்டவெளியைத் தொட்டோம்.”

முசெம்பி எழுந்தார். அட்டைகளை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனார். ஊரே பின்னால் போயிற்று. சைப்ரோஸ் நின்றிருந்தாள். அவளுக்கு அப்பால், பாதையோரமாக, கவிழ்த்த கேனின் மேல் மில்ட்ரெட் உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னப் பெண். கூப்பிட்டார்கள் என்று வந்திருக்கிறாள், இதற்குமேல் வர முடியவில்லை.

அவர் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இரண்டு அட்டையில் ஒட்டியிருந்த காகிதத்தைத் தன் கையாலேயே உரித்தார். இருக்கிறதிலேயே மோசமான ஜோடியாகப் பார்த்து எடுத்திருந்தார். ஒன்றில் குழாய் வேலிக்குள், பக்கத்தில், வரிசையே இல்லை, விலை கம்மி. இன்னொன்றில் வெட்டவெளியில், தூரத்தில், நீண்ட வரிசை, விலையும் ஜாஸ்தி.

மில்ட்ரெட் பார்த்தாள். நிதானமாக, ஒவ்வொரு படமாக விரலை வைத்துப் பார்த்தாள். ரிஸ்பருக்குச் சொல்லிக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது. தோளில் கிடந்த துணியை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள்.

மில்ட்ரெட் வெட்டவெளியைத் தொட்டாள்.

“ஏம்மா, இது தூரமாச்சே?”

“தூரம்னா நடந்து போய்ச் சேந்துடலாம் சார். வேலிக்குள்ளன்னா, எவ்வளவு நடந்தாலும் போய்ச் சேர முடியாது.”

 முசெம்பி அதை டேப்லெட்டில் பதிந்தார். எழுந்து லாவெண்டரிடம், “இந்த ஊரைச் சேத்துக்கோ. எல்லாரையும்” என்றார்.

ரிஸ்பர் விட்ட குலவை கோயெராவுக்கே கேட்டிருக்கும். பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்கள். லாவெண்டரைத் தூக்கிச் சுற்றினார்கள், அவள் கண்ணாடி எங்கேயோ போய் விழுந்தது. சைப்ரோஸ் ஓடி வந்து ரிஸ்பரைக் கட்டிக்கொண்டு, அப்போதும் விடாமல், “காலையிலதான் திறக்கணும்” என்று காதில் சொன்னாள்.

குழாய் அடுத்த மழைக்கு முன்னால் வந்துவிட்டது. மூன்று பாதை கூடுகிற இடத்தில், சுற்றிலும் ஒரு குச்சிகூட நடாமல், வெட்டவெளியில். மீட்டருக்கு மட்டும் ஒரு இரும்புப் பெட்டி. காலையிலும் திறக்கிறார்கள், சாயங்காலமும் திறக்கிறார்கள். யார் ஜெயித்தது என்று ரிஸ்பரும் சைப்ரோஸும் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

திறந்த அன்றைக்கு வரிசை பாதை வரைக்கும் நீண்டிருந்தது. மில்ட்ரெட் தயங்கித் தயங்கி வந்தாள். பழக்கதோஷம், எல்லாருக்கும் தள்ளி ஓரமாக நின்றாள். முன்னால் நிற்கிறவளுக்கும் பின்னால் நிற்கிறவளுக்கும் நடுவில் ஓர் இடம் விழுந்தது. அதில் அவள் மெல்லக் கேனை வைத்தாள்.

“ஏய்! நாங்கல்லாம் என்ன வேலை வெட்டி இல்லாமலா நிக்கறோம்? பின்னாடி போய் நில்லுடி!” என்று ஒருத்தி அவளைப் பார்த்துக் கத்தினாள்.

ரிஸ்பர் பதறிப்போய்த் திரும்பினாள். சண்டைக்குத் தயாராக வாயையும் திறந்துவிட்டாள். ஆனால் மில்ட்ரெட்டின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். புருஷன் செத்த நாளிலிருந்து அவளைக் கண்டால் ஊரே குரலைத் தாழ்த்தியது, ஒதுங்கியது, பாவம் என்றது. மற்ற பெண்களை ஏசுவதைப் போல அவளை ஒருத்தி ஏசி எத்தனை நாளாயிற்று!

மில்ட்ரெட் கேனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “வயசானா கண்ணு தெரியாதா? நான் உனக்கு முன்னாடியே வந்தவ!” என்று திருப்பிக் கத்தினாள். பச்சைப் பொய். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.